பதினோராம் கட்டத்தில் ஒரு பெயர்

விண்ணப்பத்தின் பதினோராவது கட்டம் 'கண்டுபிடிப்பாளர் பெயர்' என்று கேட்டது. அடியில் பொடி எழுத்தில் 'ஒருவர் மட்டும்' என்று இருந்தது. அந்தக் கட்டத்தில் 'கௌசல்யா' என்று தட்டச்சு செய்தவள் சகாயராணி. வேறு யாராவது தட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது. பட்டறையில் தமிழ் டைப்பிங் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"அண்ணே, அக்காவுக்கு ஸ்பேனர் எது, கட்டிங் பிளேயர் எதுன்னு தெரியாது" என்றாள்.

"அதுக்குத்தான நீ இருக்க. கமிட்டிக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு, சொல்லிக்குடு" என்றார் பாண்டியராஜ்.

பாண்டியராஜ் திண்டுக்கல் நாகல்நகரில் பட்டறை வைத்திருந்தார். கிரில் கேட்டும், மாட்டுத்தீவனம் வெட்டுகிற மெஷினும் செய்துகொண்டிருந்த இடத்தில் புளியங்கொட்டை எடுக்கிற மெஷின் ஒன்று உருவானதற்குக் காரணம் சகாயராணி. மெக்கானிக்கல் படித்தவள். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். பழத்தை மேலே கொட்டினால், ரப்பர் விரல்கள் வைத்த உருளை சுற்றி, சதை ஒரு பக்கமும் கொட்டை ஒரு பக்கமுமாக விழ வேண்டும். பாதிக்குப் பாதி விழுந்தது. மீதி நசுங்கிக் கூழாக வந்தது. அந்த நிலையிலேயே அரசாங்கம் ஒரு திட்டம் அறிவித்தது. சிறுதொழில் செய்கிறவர்கள் புதிதாக ஒன்றைச் செய்து காட்டினால் மானியம். உரிமையாளர் பெண்ணாக இருந்தால் முன்னுரிமை. அந்தப் பெண்ணே கண்டுபிடித்தவளாகவும் இருந்துவிட்டால், வரிசையில் முதல் ஆள். தேர்வுக் கமிட்டி முன்னால் அவளே வந்து விளக்க வேண்டும்.

இதைச் சொன்னவர் விண்ணப்பம் எழுதித் தருகிற ஆடிட்டர் ஆபீஸ்காரர். பாண்டியராஜ் வாங்கிக்கொடுத்த பிரியாணியில் எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். பட்டறை ஏற்கெனவே காகிதத்தில் பாண்டியராஜின் மனைவி கௌசல்யாவின் பேரில் இருந்தது. ஏதோ வரிச் சலுகைக்காகப் போட்டது. கையெழுத்துப் போட மட்டும் அவள் மாடியிலிருந்து இறங்கி வருவாள். போட்டுவிட்டு, "முடிஞ்சதா? அடுப்புல பால் இருக்கு" என்று ஏறிப்போய்விடுவாள்.

"எம் பேரு போடுறேன்னு சொன்னீங்க அண்ணே. பொங்கலப்ப சொன்னீங்க."

"சொன்னேன். இல்லங்கல. இப்ப சட்டம் அப்படி இருக்கு, நான் என்ன செய்ய?" பாண்டியராஜ் குரலை ஏற்றவில்லை. கெட்ட மனுஷன் இல்லை அவர். அதுதான் இன்னும் ஆத்திரம். "இங்க பாரு ராணி. நீ அரசாங்கக் காசுல படிச்ச. மெஷினும் அரசாங்கக் காசுல வரப்போகுது. இதுல உன்னுது என்ன, என்னுது என்ன?"

முதல் பட்டதாரிச் சான்றிதழை அவர் சொன்னார். அவள் குடும்பத்தில் அதற்கு முன் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை என்று வருவாய்த்துறை எழுதிக்கொடுத்த காகிதம். அதைக் காட்டித்தான் கட்டணச் சலுகை வாங்கினாள். அரசாங்கம் தனக்குக் கொடுத்தது தன் பேரில் வந்தது, அண்ணனின் சம்சாரம் பேரில் வரவில்லை என்று சொல்ல வாய் துடித்தது. சொல்லவில்லை. மானியம் வராவிட்டால் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவார். அவ்வளவுதான் அதன் ஆயுள்.

வரைபடங்கள் பதினாறு. ஒவ்வொன்றின் மூலையிலும் 'வரைந்தவர்' என்று ஒரு வரி. பதினாறிலும் தன் பெயரை அழித்துக் கௌசல்யா பெயரை ஏற்றினாள். ஏசுவின் சிலுவைப்பாதைகூடப் பதினான்கு நிலைதான் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து பாடம். காலை பதினொரு மணிக்கு மாடியில் சாப்பாட்டு மேசைமேல் வரைபடத்தை விரிப்பாள். கௌசல்யா எதிரே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள்.

"இது என்னக்கா?"

"உருளை."

"இது?"

"ரப்பரு வெரலு. ஏ புள்ள, கணக்கு டீச்சரு மாதிரி மொறைக்காத. எனக்குப் பயத்துல மறந்துபோகுது."

"கமிட்டில இதவிட மொறைப்பாங்க."

"அவங்க மொறைச்சா மொறைக்கட்டும். அவங்களுக்கு நான் சோத்துக்கு வெஞ்சனம் வச்சுத் தர வேண்டியதில்லேல்ல."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இவளோடு சிரித்துவிடக் கூடாது என்று தனக்கே ஒரு சட்டம் போட்டிருந்தாள். கௌசல்யாவுக்கு முப்பத்தேழு வயது, நத்தம் பக்கம் புளியந்தோப்புக்காரர் மகள். அந்தத் தோப்புக் களத்தில்தான் சகாயராணியின் அம்மா ஆனந்தமேரி முப்பது வருடமாகப் புளி தட்டுகிறாள். இந்த வேலைகூட அந்த வழியில் கிடைத்ததுதான். 'எம்மக இஞ்சினியரு, உங்க மருமகன்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க' என்று ஆனந்தமேரி தோப்புக்காரரிடம் கையைக் கட்டிக்கொண்டு நின்று வாங்கிய வேலை.

ஐந்தாம் நாள், மெஷின் ஓடுகிற வீடியோவைச் செல்போனில் காட்டினாள். கௌசல்யா வெங்காயத்தை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இது ஏன் கூழாகுது?"

"பழத்துல ஈரம். வெயில்ல இன்னும் காய வச்சா..."

"ஈரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. பழம் படுத்துக்கெடக்கு பாரு. படுக்கப்போட்டு அடிச்சா கொட்டை சதைக்குள்ளதான் போவும். நிமித்திச் சாய்ச்சு வச்சு, வயித்துப் பக்கமா தட்டணும். தன்னால கக்கிரும்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எங்க களத்துல அப்படித் தட்டுறதப் பாத்திருக்கேன். உனக்குத் தெரியாதா? உங்கம்மாட்டக் கேக்கலையா நீ?"

கேட்கவில்லை.

கோயம்புத்தூர்க் கல்லூரிக்காரர்களிடம் கேட்டிருந்தாள். ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஒன்பது படித்திருந்தாள். அய்யலூர்ச் சந்தைக்கு வருகிற புளி வியாபாரியிடம்கூடப் பேசியிருந்தாள். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவே இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒருமுறை களத்துக்குப் போய் அம்மா பக்கத்தில் சுத்தியலை எடுத்தபோது, ஆனந்தமேரி அதைப் பிடுங்கி முதுகில் ஒன்று வைத்தாள். "இங்க வந்து ஒக்காந்த, காலை ஒடிச்சுப்புடுவேன். போய்ப் படி." மறுவருடம் கன்னியர் மடத்து விடுதியில் சேர்த்துவிட்டாள். அதற்குப் பிறகு அம்மா என்றால் வீங்கின கட்டைவிரல், புளிப்பு வாசனை, மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கைக்கு ஏதாவது தெரிந்திருக்கும் என்று இஞ்சினியர் மகளுக்கு ஒருநாளும் உறைக்கவில்லை.

அன்றைக்குக் கௌசல்யாமேல் வந்த கோபம், முதலாளியம்மா என்பதால் வந்த பழைய கோபம் இல்லை.

இரண்டு வாரம் பட்டறையே கதியாகக் கிடந்தாள். உருளைக்கு முன்னால் ஒரு சாய்வுத் தட்டு வைத்தாள். அதில் நீளமாகப் பள்ளங்கள். தட்டு அதிர அதிர, பழம் பள்ளத்தில் இறங்கி ஒருக்களித்து நிமிர்ந்து, வயிற்றைக் காட்டிக்கொண்டு உருளைக்குப் போனது. சாய்வை முப்பதில் வைத்தாள், நாற்பத்தைந்தில் வைத்தாள். அறுபது முறைக்குமேல் கழற்றி மாட்டினாள். முப்பத்தெட்டில் கொட்டை மழை மாதிரி விழுந்தது. வெல்டிங் போடுகிற கருப்பணன் முகமூடியைத் தூக்கி, "ஏலே, கக்குது பாருலே!" என்று கத்தினார்.

பாண்டியராஜ் கௌசல்யாவைக் கீழே கூப்பிட்டுக் காட்டினார். அவள் ஒரு கொட்டையை எடுத்துப் புடவையில் துடைத்து, சதை ஒட்டாமல் வந்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பார்த்தாள். "நாஞ் சொன்னேன்ல" என்றாள், சின்னப்பிள்ளை மாதிரி.

தட்டை வரைபடத்திலும் ஏற்றி, மற்ற எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்த சகாயராணி, சாய்வு ஏன் முப்பத்தெட்டு என்பதை மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது மறதி இல்லை. அந்த ஒன்றாவது தன்னிடம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டாள்.

தேர்வுக் குழு கூடிய அன்று சித்திரை வெயில். அரசுக் கட்டடத்தின் இரண்டாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே மலைக்கோட்டை, அடுப்பிலிருந்து இறக்கிவைத்த பாறை மாதிரி தெரிந்தது. பாண்டியராஜ் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உரிமையாளர் மட்டும்தான் உள்ளே. லேப்டாப்பில் வீடியோ ஓட்ட உதவிக்கு ஓர் ஆள் போகலாம் என்றார்கள். அந்த உதவி ஆள் சகாயராணி.

குழுவில் மூன்று பேர். நடுவில் பர்ஹானா என்று பெயர்ப்பலகை வைத்த அதிகாரி, ஒரு பக்கம் வங்கிக்காரர், மறுபக்கம் ஒரு பேராசிரியர். கௌசல்யா பட்டுச்சேலையில் வந்திருந்தாள். ஆனால் கேள்வி தொடங்கியதும் கை இரண்டும் அவள் கட்டுக்குள் இல்லை. உருளை இப்படிச் சுற்றும், விரல் இப்படி உரசும் என்று காற்றில் செய்து காட்டினாள். சொல்லிக்கொடுத்த வார்த்தையில் பாதியை விட்டுவிட்டு, களத்துப் பேச்சில் சொன்னாள். அதுவே எடுபட்டது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம் என்று சகாயராணிக்கு ஒரு பெருமை வந்து, உடனே தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"எத்தனை பேர் செய்யற வேலைய இது செய்யும்?" என்றார் வங்கிக்காரர்.

"பன்னெண்டு பேரு வேலை சார்." விண்ணப்பத்தின் நாலாம் பக்கத்தில் இருந்தது. சகாயராணி எழுதியது.

"வெரிகுட்."

பேராசிரியர் வரைபடத்தைத் திருப்பினார். "தட்டுச் சாய்வு முப்பத்தெட்டு டிகிரி போட்டிருக்கீங்க. ஏன் முப்பத்தெட்டு? நாப்பது வச்சா என்ன ஆகும்?"

கௌசல்யா வரைபடத்தைக் குனிந்து பார்த்தாள். மெல்லத் திரும்பிச் சகாயராணியைப் பார்த்தாள். சகாயராணி லேப்டாப்பைப் பார்த்தாள். இதற்குத்தானே ஒளித்து வைத்தாள்? இப்போது அந்த அறையில் அந்தப் பதில் அவள் ஒருத்தியிடம் இருந்தது.

"அது வந்து சார்..." கௌசல்யா உள்ளங்கையைச் சரித்துப் பிடித்தாள். "எங்க அப்பா களத்துல ஆனந்தமேரின்னு ஒருத்தி. மத்த பொம்பளைங்க எல்லாம் கல்லுல படுக்கப்போட்டுத் தட்டுவாக. அவ மட்டும் ஒடைஞ்ச கூரை ஓட்டுச் சில்லு ஒண்ணைக் கல்லுல சாய்ச்சு வச்சுக்குவா. அதுல பழத்த ஒருக்களிச்சு நிறுத்தி ஒரு தட்டு, கொட்டை வெளிய வந்து விழும். ஒண்ணுகூட நசுங்காது. சின்னப்பிள்ளைல அவ பக்கத்துலயே குத்தவச்சுப் பாத்துக்கிட்டிருப்பேன். அந்த ஓடு சாஞ்சிருக்கிற சாய்வு சார் இது. கூடப்போனா பழம் வழுக்கும், கொறஞ்சா படுத்துக்கும்."

பேராசிரியர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். "இதுதான்யா இன்னவேஷன். புத்தகத்துல இருக்குமா இது?"

சகாயராணி கௌசல்யாவின் சரிந்த உள்ளங்கையையே பார்த்தாள். அறுபது முறை கழற்றி மாட்டிக் கண்டுபிடித்த அளவு, தான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மாவின் காலடியில் சாய்ந்து கிடந்திருக்கிறது. அதை அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கக் கொடுத்துவைத்தவள் தோப்புக்காரர் மகள். தன்னை அடித்து விரட்டிய இடத்தில் இவளை உட்காரவிட்டிருக்கிறாள். விடாமல் என்ன செய்வாள்? பத்து வயது மூத்தவளை இன்றைக்கும் 'அவ', 'ஒருத்தி' என்கிறவளை எழுந்து போ என்றா சொல்லியிருக்க முடியும்?

"அந்த அம்மா இப்ப இருக்காங்களா?" என்றார் பர்ஹானா.

"எங்க களத்துலதான் மேடம் இருக்கா."

"அது எங்கம்மா" என்றாள் சகாயராணி.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். "அட!" என்றார் வங்கிக்காரர். "அம்மா களத்துல, பொண்ணு கம்பெனில உதவிக்கு. நல்ல கதையால்ல இருக்கு? மேடம், பிரஸ் நோட்ல இதையும் சேத்துக்கலாம்."

உண்மையைச் சொன்னால் கூரை இடியும் என்று நினைத்திருந்தாள். அவர்கள் அதை வெற்றிலைபாக்கு மாதிரி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள்.

"நான் உதவிக்கு இல்ல சார். இந்த மெஷின டிசைன் பண்ணது நான். பதினாறு டிராயிங்கும் நான் போட்டது. அக்கா யோசனை சொன்னாங்க, அது எங்கம்மாட்ட இருந்து வந்தது. அக்கா கண்டுபிடிக்கல."

கௌசல்யா தலையைக் குனிந்துகொண்டாள். மறுக்கவில்லை. பர்ஹானா விண்ணப்பத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இங்க பாருங்கம்மா. இத அப்படியே மேல அனுப்பினா எல்லாருக்கும் சிக்கல். நான் தள்ளுபடி பண்ணல. திருத்தின பாரம் ஒண்ணு வெள்ளிக்கிழமைக்குள்ள குடுங்க, உரிமையாளர் கையெழுத்தோட. வரிசையில மொத இடம் போயிரும், அதுக்கப்புறம் கெடைக்கிறதும் கெடைக்காததும் உங்க அதிர்ஷ்டம். பதினோராவது கட்டத்துல உண்மையான பேர எழுதுங்க."

"ரெண்டு பேரு எழுதலாமா மேடம்?" என்றாள் கௌசல்யா.

"கம்ப்யூட்டர் ஒண்ணுதான் ஏத்துக்கும். அது என் கையில இல்ல."

விஷயம் தெரிந்ததும் படிக்கட்டில் பாண்டியராஜ் கோபத்தில் குதித்தார். "சோறு போட்ட கையக் கடிச்சிட்டியே! ஒருவார்த்தை பொறுத்துக்கிட்டா என்ன கொறஞ்சிருப்ப?"

"பதினாறு டிராயிங் கொறஞ்சிருப்பேன் அண்ணே."

"பேசு, பேசு. நாளையிலருந்து பட்டறைப் பக்கம் வராத. மெஷின எடைக்குப் போடுறேன்."

"செத்த நேரம் சும்மா இருங்க" என்றாள் கௌசல்யா. அவள் புருஷனிடம் அந்தக் குரலில் பேசிச் சகாயராணி கேட்டதில்லை. "பட்டறை எம் பேருல இருக்குன்னுதான இம்புட்டு நாளும் கையெழுத்து வாங்கினீங்க? மெஷின எடைக்குப் போடவும் என் கையெழுத்து வேணும்." கீழே ஜெராக்ஸ் கடையில் புது பாரம் எடுத்து, கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பதினோராவது கட்டம் காலி. அதைச் சகாயராணியிடம் நீட்டினாள்.

"நீயே எழுதிக்க. என் பேரு வேணாம்."

நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. வாங்கிக்கொண்டாள்.

"ஒரு பேருதானாமே" என்றாள் கௌசல்யா. "யாரு பேர எழுதப்போற?"

"என் பேருதான்." யோசிக்காமல் வந்தது.

கௌசல்யா பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேனில் ஏறினாள். ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைச் சகாயராணியால் நத்தம் பஸ் கிளம்பும்வரை கழுவ முடியவில்லை. கோபாலபட்டி தாண்டும்போது பையிலிருந்து பாரத்தை எடுத்து, பஸ் குலுக்கலில் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

பதினைந்து வருடம் கழித்து அந்தக் களத்தில் கால் வைத்தாள். தகரக் கொட்டகைக்குக் கீழே பெண்கள் வரிசையாகக் கல் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். டொக், டொக் என்று ஒரே சத்தம். ஆனந்தமேரி கடைசியில் இருந்தாள். அவள் கல்லில் ஓட்டுச் சில்லு சாய்ந்திருந்தது.

"ஏடி, நீ எங்க இங்க? வேலை போச்சா?"

"இல்லம்மா." பக்கத்தில் குத்தவைத்தாள். இந்தமுறை அம்மா விரட்டவில்லை. அவள் பழத்தை ஒருக்களித்து நிறுத்தினாள், தட்டினாள், கொட்டை விழுந்தது. அடுத்தது சின்னப் பழம். கட்டைவிரலால் ஓட்டுச் சில்லை ஒரு நூல் நிமிர்த்திக்கொண்டு தட்டினாள்.

"இதுக்கு என்னம்மா அளவு?"

"அளவு யாரு பாத்தா? பழத்துக்குத் தக்கன வச்சுக்கிறதுதான்."

சகாயராணி பாரத்தை எடுத்து மடியில் விரித்து நடந்ததைச் சொன்னாள். மெஷின், சாய்வு, ஒரு கட்டம், ஒரு பெயர். "நீ கண்டுபிடிச்சதும்மா இது. உன் பேரு போடவா?"

"என் பேரா?" ஆனந்தமேரி இரண்டு பக்கமும் பார்த்துக் குரலைத் தணித்தாள். "கிறுக்கா உனக்கு? களத்துக்காரரு காதுல விழுந்தா என்ன ஆகும்? என் பேர எழுதவா உன்னப் படிக்கவச்சேன்? உன் பேர எழுது." இன்னொரு பழத்தை எடுத்தவள் அப்படியே நிறுத்தினாள். "மெஷினு இங்கயா வருது?"

"இங்கதான் முதல்ல வரும். அக்கா வீட்டுக் களம்ல."

"எங்கள என்ன செய்வாக?"

பொய் சொல்லலாம். சொல்ல வரவில்லை. "நாலு பேரு போதும்மா. பழம் கொட்ட, கொட்டை அள்ள."

ஆனந்தமேரி பழத்தை ஓட்டில் நிறுத்தினாள். தட்டவில்லை. "அந்த நாலுல நான் இருப்பனா?"

சகாயராணி பேனாவைத் திறந்தாள். மெஷின் வேண்டாம் என்று அவளால் சொல்ல முடியாது. அது அவள் பெற்ற பிள்ளை. பெயர் வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. இப்போதுதான் அறைக்குள் அவ்வளவு பேர் முன்னால் அதற்காக நின்றுவிட்டு வந்திருக்கிறாள். முழங்காலில் பாரத்தை வைத்து, பதினோராவது கட்டத்தில் தன் பெயரை எழுதினாள். எழுத்து நேராகத்தான் வந்தது.

பக்கத்துக் கல்லில் இருந்த காதர் பீவி எட்டிப் பார்த்தாள். "என்னடி ஆனந்தமேரி, ஒம்மக பேரு கவர்மெண்டு பேப்பர்ல வருதா?"

"ஆமாக்கா" என்றாள் ஆனந்தமேரி. குரலில் பெருமை இருந்தது, இல்லாமல் இல்லை. "மெஷினு கண்டுபிடிச்சிருக்கா."

"மகராசியா இரு தாயி" என்று காதர் பீவி புளிக்கையைத் தூக்கி வாழ்த்தினாள். வரிசையில் ஒவ்வொருவராகத் திரும்பிச் சிரித்தார்கள். சகாயராணி அவர்களை எண்ணினாள். எண்ண வேண்டிய அவசியமே இல்லை. பன்னிரண்டு பேர் என்று விண்ணப்பத்தின் நாலாம் பக்கத்தில் அவளே எழுதியிருந்தாள்.